மனப்பயிற்சி டீச்சருக்கு மதியச் சாப்பாடு

எங்கள் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணியில் பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தி என் மகன் வயிற்றுப் பேத்தி. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மனப்பயிற்சி கொடுக்க ஓர் ஆளை வரவழைக்க வேண்டும் என்று கல்லூரிக் கமிட்டியில் முதலில் வாய் திறந்தவன் நான்தான். அதனால் அதற்குப் பின் நடந்ததை எழுதுகிற பொறுப்பும் என்னுடையதுதான். கமிட்டியில் மற்றவர்கள் எழுத மாட்டார்கள். எழுத என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

எங்கள் கல்லூரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலசரக்கு, மரம், உப்பு என்று தொழில் செய்த எங்கள் ஆட்கள் விற்பனையில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, அந்தப் பணத்தில் கட்டிய கல்லூரி அது. கமிட்டியில் பதினொரு பேர். பத்துப் பேர் வியாபாரிகள். நான் ஒருவன் மட்டும் வாத்தியார். அதே டிரஸ்டின் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு எடுத்தவன். செயலாளராக இருப்பவர் வத்தல் மொத்த வியாபாரி. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒரே பெஞ்சு. என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். என் மனைவி இறந்தபோது என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர். இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

திருநெல்வேலியில் கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம். ஐந்தாவது செட். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அந்தப் பாயிண்டை எடுத்தால் அடுத்த சர்வீஸ் என் பேத்தியுடையது. அவள் நெட்டுக்குப் பக்கத்தில் எம்பினாள். கீழே இறங்கும்போது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். அதன் பிறகு இரண்டே பாயிண்டு. தோற்றுப்போனோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, சவ்வு இழுத்திருக்கும் என்றார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. எனக்கு எதுவும் லேசில் திருப்தி ஆவதில்லை என்று மருமகள் சொல்வாள். முத்தையாபுரத்தில் ஒரு கட்டு வைத்தியரிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய்க் கட்டு போட்டார். மூன்று முறை கட்டு மாற்றினோம். மூன்று முறையும் அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு பழைய துணியைப் பிரித்தவன் நான்.

“வீக்கமே இல்லையே?” என்று வைத்தியரிடம் கேட்டேன்.

“உள்வீக்கம் அண்ணாச்சி. வெளிய தெரியாது.”

“வெளிய தெரியாதது உமக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“வாத்தியாருக்கு எல்லாத்தையும் போர்டுல எழுதிக் காட்டணும்,” என்று அவர் பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. “மெதுவா தாத்தா,” என்றாள்.

கட்டைப் பிரித்து மறுபடி மைதானத்தில் இறங்கியபோதுதான் உண்மையான கோளாறு தெரிந்தது. அவளால் சர்வீஸ் போட முடியவில்லை. விசில் ஊதியதிலிருந்து எட்டு வினாடிக்குள் பந்தை அடித்துவிட வேண்டும். இவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்பாள். கடைசி நேரத்தில் அடித்தால் அது நெட்டில் போய் இடிக்கும். முன்பெல்லாம் பத்து சர்வீஸில் எட்டு எதிர்ப்பக்கம் விழும். இப்போது மூன்று. சில நாள் இரண்டு.

பி.டி. டீச்சர் நேராகப் பேசுகிற பெண். “காலுல ஒண்ணும் இல்ல சார். பயம் உள்ள போயிருச்சு. நான் கத்துனா இன்னும் உள்ள போகும். இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. பெரிய ஊர் டீமுக்கெல்லாம் வெச்சிருக்காங்க,” என்றார்.

அதைத்தான் கமிட்டியில் சொன்னேன். ஒரு மரக்கடைக்காரர் உடனே ஆரம்பித்தார். “பிள்ளையளுக்குப் பந்து வாங்கிக் குடுத்தோம். சட்டை வாங்கிக் குடுத்தோம். இப்ப மனசும் நாமதான் வாங்கிக் குடுக்கணுமா?”

சிரித்தார்கள். செயலாளர்தான் எனக்குக் கை கொடுத்தார். “வாத்தியார் சும்மா சொல்ல மாட்டாரு வே. அவரு சொல்லுதாருன்னா கூட்டிக் கழிச்சுப் பாத்துருப்பாரு.” ஏழுக்கு நாலு என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று அவரை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விளையாட்டு உளவியல் படித்தவள். தாத்தா காலத்தில் உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்ததும் கமிட்டிக்கு அவள் ‘நம்ம பிள்ளை’ ஆகிவிட்டாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் பெற்றோர்களையும் கமிட்டிக்காரர்களையும் அரங்கில் உட்கார வைத்து, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளின் முன்னால் அவள் சொன்னது எனக்கு ஏறக்குறைய வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

“இவங்க என்கிட்ட தனியா சொல்றது என்னோட நின்னுரும். பி.டி. மேடத்துக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் சொல்லுவேன். அதையும் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இதுக்குச் சம்மதம்னா நான் வேலையத் தொடங்குறேன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். மேடையில் இருந்த செயலாளரும் ஆட்டினார்.

மைதானத்தில் அவள் செய்தது எதுவும் வித்தையாக இல்லை. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பந்து இல்லாமல் சர்வீஸ் கோட்டில் நிற்க வைப்பாள். கண்ணை மூடி அந்த சர்வீஸ் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்வாள். ‘உங்க கையில இருக்கிறது எது, இல்லாதது எது’ என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பாள். திரேஸ்புரத்துப் பெண் ஒருத்தி, அவள் அப்பா விசைப்படகில் போகிறவர், எழுந்து சொன்னாள்: “கச்சான் காத்து எங்க கையில இல்ல மிஸ். பி.டி. மிஸ் வாயும் எங்க கையில இல்ல.” பி.டி. டீச்சரே சிரித்துவிட்டார்.

அப்புறம் சத்தப் பயிற்சி. ஒருத்தி சர்வீஸ் போட நிற்க, மற்ற பதினொரு பேரும் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். “ஏளா, நெட்டுல போடப் போறா பாரு!” “கை நடுங்குது, கை நடுங்குது!” என்று கத்துவார்கள். என் பேத்தி அதற்கு நடுவில் பந்தை இரண்டு முறை தட்டி, காற்றடைக்கிற துளையைப் பார்த்து, மூச்சை நீளமாக விட்டு, மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடிப்பாள். என்ன வார்த்தை என்று கேட்டேன். “சொன்னா போயிரும் தாத்தா,” என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

தனிப்பேச்சு தாவரவியல் ஆய்வகத்தை ஒட்டிய சாமான் அறையில் நடக்கும். ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. கதவை முக்கால்வாசி சாத்தி வைப்பாள். என் பேத்தி முதல் தடவை வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே துணி துவைத்தாள். நாலாவதுக்குப் பிறகு பத்து சர்வீஸில் ஏழு போயிற்று. ஆனால் எனக்கு வேண்டியது அந்த ஏழு மட்டும் இல்லை. சொல்ல முடியாத எதையோ சொல்லிவிட்டுத் தோள் லேசாகி நடந்தாளே, அது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

வெளியூரிலிருந்து கல்லூரி வேலையாக வருகிறவர்களை நாங்கள் ஓட்டலில் சாப்பிட விடுவதில்லை. அது எங்களுக்கு மரியாதைக் குறைவு. பரீட்சை பார்க்க வருகிற பேராசிரியரானாலும், கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிற கம்பெனிப் பையனானாலும், கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அதற்கு முறை வைத்திருக்கிறோம். அவள் வந்த முதல் சனிக்கிழமை மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முறை.

கையைக் கழுவிவிட்டு உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். “சார், பேத்தியப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

“கேக்க மாட்டேன் தாயி. உக்காரு,” என்றேன்.

மருமகள் சீலா மீன் குழம்புச் சட்டியோடு வந்தாள். வந்தவள் போகவில்லை. வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள். இப்படி இரண்டு தடவை. மதுரை வெயிலைப் பற்றியும் உப்பளத்து வெயிலைப் பற்றியும் பேசியே சாப்பாடு முடிந்தது. எனக்கு அந்தப் பெண்மேல் மதிப்பு கூடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் செயலாளரிடம் சொன்னேன், பிள்ளை கெட்டிக்காரி, ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை என்று.

“ஒம்ம வீட்டுக் கொழம்புல ருசி பத்தல வே,” என்றார் அவர். “எங்க வீட்டுக்கு வரட்டும், எப்படிப் பேசுதான்னு பாரும்.”

நானும்தான் சிரித்தேன். அறுபது வருஷமாக அவர் இப்படித்தான் பேசுவார்.

அதற்குப் பிறகு முறை மாறிவிட்டது. செயலாளர் மனைவிக்குப் பெண் பிள்ளை கிடையாது. அந்தப் பெண் தன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். அடுத்தடுத்து நாலு சனிக்கிழமை அங்கேதான். போகும்போது மக்ரூன் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அவரை ‘அத்தை’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு இதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அது வரவில்லை.

புதிய வருஷத்துக்கு அணித் தலைவியை கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். பி.டி. டீச்சர் வந்து என் பேத்தி பேரைச் சொன்னார். சர்வீஸ் சரியாகிவிட்டது, பிள்ளைகளுக்கும் அவள்மேல் மதிப்பு இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் எழுந்தேன். சொந்தப் பேத்தி விஷயத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது.

“இரும் வே,” என்றார் செயலாளர். “நம்ம பிள்ளை விஷயந்தான. இருந்து கேளும்.”

உட்கார்ந்தேன். பிறகு அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

“கேப்டன் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அன்னைக்குக் காலு மடங்கவே இல்லையாம். அடுத்த சர்வீஸ் தன்கிட்ட வரப் போவுதுன்னு பயந்து, வேணும்னே விழுந்துருக்கா.”

யாரோ டீ கிளாஸைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“யாரு சொன்னா?” என்று மரக்கடைக்காரர் கேட்டார்.

“மனசு டீச்சர்தான். வீட்டுல சாப்பிடும்போது பேச்சுவாக்குல வந்துச்சு.”

“அப்போ வாத்தியாரு முத்தையாபுரத்துக்கு ஆட்டோ வெச்சு அலைஞ்சதெல்லாம்?”

“உள்வீக்கத்துக்கு!” என்றார் இன்னொருவர். அந்த வைத்தியர் கதையை அவர்களுக்கெல்லாம் சொன்னவன் நான்தான்.

எட்டுப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவருக்குக் காது கேட்காது.

எனக்கு முதலில் யார்மேல் கோபம் வந்தது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பேத்திமேல்தான். மூன்று கட்டு. மூன்று தடவையும் ‘மெதுவா தாத்தா’ என்றாளே, எதை மெதுவாக? அடுத்துத்தான் அந்த மதுரைப் பெண். கடைசியாகத்தான் எதிரில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதர்மேல் கண் போயிற்று. அவர் சிரிக்கிறவர்களைக் கையமர்த்திக்கொண்டிருந்தார், ஏதோ எனக்கு ஆதரவாக இருப்பவர் போல.

கேப்டன் பதவி இன்னொரு பிள்ளைக்குப் போயிற்று. பல்கலைக்கழக அணித் தேர்வு அந்த மாதக் கடைசியில் இருந்தது. அதற்கு யாரை அனுப்புவது என்பது பி.டி. டீச்சர் பொறுப்பு, கமிட்டி அதில் தலையிடாது என்று முடித்தார்கள். அதுவரை சரி. ஆனால் பத்து வீடுகளுக்கு அந்தச் செய்தி அன்று சாயங்காலமே போய்ச் சேரும். பத்து வீடுகளில் ஆறு வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள்.

வெளியே படியில் செயலாளரை நிறுத்தினேன்.

“அவ முதல் நாள் என்ன சொன்னா? நீரும்தான தலையாட்டினீரு?”

“வெளியாளுக்குப் போகாதுன்னுதான வே சொன்னா. நாம வெளியாளா?”

“என் பேத்தி ஒம்மகிட்ட சொன்னாளா?”

“வே, அந்தப் பிள்ளைய எந்தோளுல வெச்சு சப்பரம் காட்டுனவன் நான். அவளுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியக் கூடாதா? சொல்லப்போனா ஒமக்கே தெரியாம இருந்துருக்கு. இப்ப என்னாலதான தெரிஞ்சுது?”

நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பேன். செய்ததில் தப்பு என்ன என்று தெரியாதவரை எதற்காக மன்னிப்பது?

அங்கிருந்தே அந்த மதுரைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள்.

“பேரே சொல்லல சார். அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க, இவ்வளவு தூரம் வர்றியே, இதுல என்ன பிரயோஜனம்னு. மாமாவும் பக்கத்துல இருந்தாங்க. ஒரு உதாரணமாத்தான் சொன்னேன். பயத்துல காயம் பட்ட மாதிரி விழுறது பல பேருக்கு நடக்கும், அதத் திட்டக் கூடாது, அப்படி ஒரு பிள்ளைய இப்ப சரி பண்ணியிருக்கோம்னு…”

“பன்னெண்டு பேருல காலுக்குக் கட்டுப் போட்டவ எத்தன பேரு தாயி?”

லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போயிற்று.

“ஒருத்தி சார்.”

“எங்க வீட்டுல எலைக்கு முன்னால உக்காரும்போது கறாராச் சொன்னியே. அங்க ஏன் சொல்லல?”

“முதல் தடவ அங்கயும் சொன்னேன் சார். நாலாவது தடவ சொல்ல முடியல. அத்தைன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டேன்.”

நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை.

பேத்திக்கு யார் சொல்வது? வேறு யார் வாயிலிருந்தோ அவள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தேர்வு முடியட்டும் என்று ஒத்திப்போடலாம். ஆனால் ஊர் ஒத்திப்போடாது. மாடிக்குப் போனேன். விளையாட்டுச் சட்டைகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவள் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். மாட்டிய கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இன்னைக்குத்தான்.”

“மிஸ் மொதல்ல நம்ம வீட்டுலதான சாப்பிட்டாவ?”

“நான் ஒண்ணும் கேக்கல ஏளா. ஒங்க அம்மாட்ட கேளு.”

“அம்மாவும் கேக்கலன்னுதான் சொல்லுவாவ.” குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நீங்க கமிட்டில இருக்கிய. அவியள வரச் சொன்னதே நீங்கதான். பேசும்போது அங்கனதான் உக்காந்துருந்திய. நான் என்ன நெனைக்கட்டும் தாத்தா?”

கணக்கில் ஒரு படியும் விடாமல் எழுதி விடை மட்டும் தவறாக வந்த மாதிரி இருந்தது. அவள் அடுக்கியதில் ஒன்றும் பொய் இல்லை. கேட்காமல் இருந்ததற்கு எந்தச் சாட்சியை நான் கூப்பிடுவேன்?

போகத் திரும்பியவனிடம் அவளாகவே சொன்னாள். “நீங்க கட்டு மாத்தும்போதெல்லாம் சொல்லிரணும்னுதான் இருப்பேன். நீங்க வைத்தியர்ட்ட வீக்கத்தப் பத்தி சண்ட போட்டுக்கிட்டே இருந்திய.” சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. “மிஸ்கிட்ட மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. சொன்ன அன்னைக்கு நல்லா இருந்துச்சு.”

அடுத்து வந்த சனிக்கிழமை அந்த மதுரைப் பெண் வந்தாள். நான் வழக்கம்போல வராந்தாவில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். சாமான் அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டாள். கதவை இந்த முறை முழுவதும் திறந்து வைத்தாள். பிள்ளைகள் மைதானத்திலேயே நின்றார்கள். மெள்ள ஒருத்தி என் பேத்தியைத் தாண்டிப் போகும்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினாள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் பேத்தி பந்தைக் கீழே வைக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை.

அப்போது திரேஸ்புரத்துப் பெண் அந்த நொண்டிக்காரியைப் பார்த்து, “ஏளா, நீ அந்த அறையில என்னென்ன சொன்னியோ, அதுவும் சாப்பாட்டுல வந்துருச்சோ என்னவோ. யாரு வீட்டுல போயி விசாரிக்கணும்?” என்றாள்.

இழுத்து நடந்தவள் நின்றுவிட்டாள். எல்லோருமே நின்றுவிட்டார்கள். ஒவ்வொருத்தி முகத்திலும் தான் சொன்னது என்ன என்று தேடுகிற பார்வை. அந்த நிமிஷம் வரை அது என் பேத்தியின் பிரச்சினையாக மட்டும் இருந்தது.

திரேஸ்புரத்துப் பெண்தான் முதலில் அந்த அறைக்குப் போனாள். வாசலில் நின்றபடியே, “எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ், நல்லா இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அடுத்தவள் போனாள். “நல்லா இருக்கேன் மிஸ்.” அடுத்தவள். வகுப்பில் ஆஜர் சொல்வது போல ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பதினொன்றாவதாக என் பேத்தி போனாள். அவளும் அதையேதான் சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பன்னிரண்டாவது பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டது.

பதினொரு மணிக்கே அவள் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் செயலாளர் மனைவி எனக்குப் போன் செய்தார். “பிள்ளை சாப்பிட வரலியே அண்ணாச்சி, என்ன கோவம்? நண்டு வாங்கி வெச்சிருந்தேனே.” தெரியவில்லை அம்மா என்றேன்.

அவள் பிறகு வரவில்லை. கமிட்டியில் இந்த மனசு சமாச்சாரமெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வரவில்லை என்று பேசி முடித்தார்களாம். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிந்திய கூட்டங்களுக்கும் போகவில்லை. செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். “சின்ன விஷயத்துக்குப் போயி இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீரே,” என்றார். மருமகள் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். அவருக்கு இன்றைக்கும் நான் பேசாததன் காரணம் தெரியாது. கேப்டன் பதவிக்காக என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு பி.டி. டீச்சர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் தாத்தா, வெயிலு,” என்றாள். இதற்கு முன் எந்த வெயிலுக்கும் அவள் என்னை நிறுத்தியதில்லை. சாயங்காலம் பி.டி. டீச்சர்தான் போனில் சொன்னார். பத்துக்கு ஒன்பது போட்டாளாம். பந்தை இரண்டு தட்டு, துளையைப் பார்த்தல், நீளமாக ஒரு மூச்சு, எல்லாம் அந்த மதுரைப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே. பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக எடுத்துவிட்டார்கள். “பயமே இல்ல சார் இப்ப அவகிட்ட,” என்றார் டீச்சர் சந்தோஷமாக. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பயமே இல்லையா, இருப்பதைக் காட்டவில்லையா என்று அந்த வாக்கியத்தைப் பலமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முகாம் முடிந்து போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மகன் கடையிலிருந்து இன்னும் வரவில்லை.

“அங்கனயும் ஒரு மனப்பயிற்சி மிஸ் இருக்காவ,” என்றாள் அவளாகவே.

“போறியா?”

“கட்டாயம் போகணும். வாரத்துக்கு ஒரு தடவ.”

“என்ன சொல்லுவ?”

“தூக்கம் வருதான்னு கேப்பாவ. வருதும்பேன். மேட்ச்சுக்கு முன்னால பயமா இருக்கான்னு கேப்பாவ. இல்லம்பேன். அஞ்சு நிமிசத்துல விட்டுருவாவ. மத்த பிள்ளையளுக்கு அரமணிக்கூறு ஆவும்.”

“சமத்து,” என்றாள் மருமகள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. மகள் கெட்டிக்காரத்தனமாகப் பிழைத்துக்கொண்டாள் என்று அவளுக்கு நிம்மதி.

நான் கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். “தூக்கம் வருதா ஏளா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பது போல நல்ல பிள்ளையாகச் சிரித்தாள்.

“வருது தாத்தா,” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.